வெண்டல் விட்டுப்போன எண்

என் அக்கா ஆர்லிஸ் மினசோட்டாப் பனியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியே தலை நரைத்தவள். சறுக்கிய வண்டியைத் திருப்பத் தெரியும். கணக்கு மட்டும் எட்டிக்காயாகக் கசக்கும். அவளுக்குக் கணவராக வாய்த்த வெண்டலோ எண் பைத்தியம். வீட்டின் நிலவறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை இரவும் பகலும் ஓடவிட்டு, நாலு கோடி இலக்கமுள்ள ஓர் எண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்ணா அது என்று தெரிய வேண்டுமாம். இப்படி உலகம் முழுக்க ஒரு கூட்டம் உண்டு. நானும் அதில் ஒருவன்தான். அக்கா அந்தப் பெட்டியின் மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போடுவாள்.

நவம்பரில், மான் வேட்டைக் காலத்தில், வெண்டல் மாரடைப்பில் போய்விட்டார். துணிமணிகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்த அக்கா, கம்ப்யூட்டரை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அதன் உறுமல் கேட்டால் அவர் கீழே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறதாம், தூக்கம் வருகிறதாம். எப்போது முடியும் என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் பயந்து பயந்து கேட்பாள்.

பிப்ரவரியில் முடிந்தது. பகா எண் இல்லை என்று வந்தது. காபி ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"அப்போ எதால வகுபடுதாம்?"

"தெரியாதுக்கா."

"தெரியாமலே வகுபடும்னு எப்பிடிடா சொல்றே? குடிச்சிருக்கியா?"

சோதனை அதை மட்டும்தான் சொல்லும் என்றேன். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது நிச்சயம், யாரென்றுதான் தெரியாது என்றேன். கதவைத் தட்ட வேண்டியதுதானே என்றாள். மறுபடி விளக்கப் போய், பாதியில் எனக்கே குழம்பிவிட்டது. இத்தனை வருடம் இதைப் புரிந்துகொண்டுதான் செய்தேனா என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பேச்சை மாற்ற, வேறோர் எண்ணைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அக்காவின் கண் கலங்கியது.

"அது யாரோட நம்பரோ. அவரோடது இல்லையே."

பெட்டியை நிறுத்தக் கீழே இறங்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடா. அந்த நம்பரை எது வகுக்குதுன்னு இந்தப் பெட்டியே தேடுமா?"

"தேடும். ஆனா கிடைக்காதுக்கா. நம்ம ஆயுசுக்குள்ள முடியாது."

"நிச்சயமா முடியாதா?"

"முடியாது."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ அதைத் தேடச் சொல்லு."