பன்னிரண்டு டக்

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் காலைப் பாட்டு மூலை முடுக்கெல்லாம் கேட்க வேண்டும். மாமனாரின் விருப்பம் அது. ஹாலில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், சாமி அறையில் ஒரு ஜோடி, சமையலறையில் என் தலைக்கு மேலே ஒரு ஜோடி. மாட்டியது என் கணவர். கோயில் திருவிழாவுக்கே ஸ்பீக்கர் கட்டியவர், வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிடுவாரா?

அந்தச் சமையலறை மேசைதான் என் ஆபீஸ். பெட்டாலிங் ஜெயா கம்பெனி ஒன்றுக்காக வீட்டிலிருந்தே வாடிக்கையாளர்களோடு போனில் பேசுகிற வேலை. "இன்னொரு தடவை பாட்டு கேட்டுச்சுன்னா டெய்லி ஆபீஸ் வந்துருங்க" என்று மேலாளர் சொல்லிவிட்டார். கிள்ளானிலிருந்து தினமும் அந்த ஜாமில் போய் வருவதா? நினைத்தாலே இடுப்பு வலித்தது.

அதனால் ஜாலான் பாசார் கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, சுவரில் பதிக்கிற வால்யூம் குமிழ் ஒன்று வாங்கினேன். வழுக்கிக்கொண்டு சுற்றுவது ஒரு வகை, டக் டக்கென்று படிப்படியாக நிற்பது இன்னொரு வகை. நான் இரண்டாவதை எடுத்தேன். போனில் பேசிக்கொண்டே, பார்க்காமலே எண்ணித் திருப்பலாம். மொத்தம் பன்னிரண்டு டக்.

"அக்கா, பின்னால சின்ன கிளிப் இருக்கு. எத்தனை ஜோடி ஸ்பீக்கர்னு பாத்து மாத்திப் போடணும். இல்லாட்டி ஆம்ப்ளிஃபயர் சூடாயிரும்" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து அப்படியே சொன்னேன்.

"எனக்கே சொல்லித் தர்றியா லா?" என்று கேட்டுக்கொண்டே குமிழைச் சமையலறைச் சுவரில் பதித்தார் கணவர்.

எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். திருப்பினால் ஓரிரு நொடி கழித்துச் சத்தம் குறையும். நல்ல சாமான் நிதானமாகத்தான் வேலை செய்யும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாமா பாட்டைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிப் போனார். எனக்கு அழைப்பு வந்தது. குமிழைத் திருப்பினேன். பன்னிரண்டு டக்கும் தீர்ந்தது, நாதஸ்வரம் தீரவில்லை. "கல்யாண மண்டபத்துலயா இருக்கீங்க?" என்று கேட்டார் வாடிக்கையாளர். ஹாலுக்கு ஓடி சுவிட்சை அணைத்தேன். ஆனால் அந்த அழைப்பை மேலாளரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கத்தி முனையால் குமிழைக் கழற்றினேன். பின்னால் ஒரு ஒயர்கூட மாட்டியிருக்கவில்லை. கிளிப் கடையில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஸ்பீக்கர் ஒயர்களைத் தனியாக முறுக்கி, கருப்பு டேப் சுற்றி, சுவருக்குள் மடித்து வைத்திருந்தார்கள். அவ்வளவு அழகாக டேப் சுற்ற எங்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும்.

மாலையில் கேட்டேன். கிளிப்பை மாற்றாமல் மாட்டியதில் முதல் வாரமே ஆம்ப்ளிஃபயர் சூடாகிப் படுத்துவிட்டதாம். அதை என்னிடம் ஒப்புக்கொள்ள மனமில்லை. ஒவ்வொரு அறைக்கும் போனிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேறொன்றை வாங்கி வைத்துவிட்டு, குமிழைச் சும்மா சுவரில் விட்டிருக்கிறார். என் டக் சத்தம் ஹால் வரை கேட்கும். கேட்டதும் போனை எடுத்துக் குறைப்பது, பகலில் மாமாவின் வேலை.

"நீ திருப்பி என்னைக்காச்சும் குறையாம இருந்துச்சா? இன்னைக்கு ஒரு நாள்தானே" என்றார் கணவர்.

"நீ வருத்தப்படுவேன்னுதான்மா சொல்லல" என்றார் மாமா.

கோபம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வெட்கம். எட்டு மாதம் இருவரும் சேர்ந்து என் காதில் பூச்சுற்ற, நான் ஒப்புக்குச் சப்பாணியாகத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். கணவரின் வீம்பு எனக்குப் பழகியதுதான். தினமும் என் கையால் காபி வாங்கிக் குடித்த மாமாவும் கூட்டு என்பதுதான் இன்றுவரை ஆறவில்லை.

இப்போது தினமும் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போய் வருகிறேன். குமிழை நான் மறுபடி சுவரில் மாட்டிவிட்டேன், ஒயர் இல்லாமலே. ஞாயிற்றுக்கிழமை பாட்டெல்லாம் முடிந்து வீடு அமைதியானதும் ஒரு டக் திருப்புவேன். பழக்கம் விடுமா? ஹாலில் இரண்டு பேரும் அவசரமாகப் போனைத் தேடுவது கேட்கும்.