ஆறு மணிக்குப் போனில் வருகிறவள்

சிங்கப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள பூங்காவில் வயதானவர்கள் காலையில் பின்னோக்கி நடக்கிறார்கள். வந்த புதிதில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்து, ஒரு சீனப் பெரியவரிடம் உதவட்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் நடக்க வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டு பக்கத்தில் இடம் விட்டார். மறுக்கத் தெரியாமல் பத்தடி பின்னால் நடந்து ஒரு மரத்தில் போய் இடித்துக்கொண்டேன். இப்படி நடப்பது கை காலுக்கு மட்டுமல்ல, ஞாபகத்துக்கும் நல்லதாம். பிறகு இந்த மாதிரிப் பயிற்சிகளே என் பிழைப்பாகிவிட்டன. முதியோர் பகல்நேர மையம் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். தினமும் இருபது பேரை வரிசையாக நிற்கவைத்து, தாய்ச்சி என்கிற மெதுவான பயிற்சியைச் செய்யவைக்கிறோம். மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் தோள்வரை தூக்க வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே இறக்க வேண்டும். போன ஞாபகத்தை இது கொண்டுவந்து தராது, இருப்பதைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கலாம் என்கிறார் எங்கள் பயிற்சியாளர்.

நான் பிறந்து வளர்ந்த கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் மெதுவாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் சங்கு ஊதினால் ஊரே ஓடும். தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம் எங்களுடையது. முதன்முதலில் கம்பெனிச் சட்டை போட்டவர் என் அப்பா. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் அவருக்கு கிரேன் சிக்னல் கொடுக்கும் வேலை. மேலே கூண்டில் இருக்கும் ஓட்டுநருக்கு அந்த இரைச்சலில் ஒரு சொல்லும் கேட்காது. கீழே நிற்கும் நைனாவின் கையைப் பார்த்துத்தான் டன் கணக்கில் இரும்பு ஏறும், இறங்கும், நகரும். வீட்டிலும் அவருக்குக் கைதான் பேசும். குழம்பு போதும் என்பதற்குக்கூட உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டுவார். அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட எரிச்சல்.

ஓய்வு பெற்ற நாலாம் வருடம், நைனா காலையில் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆலை கேட்டுக்குப் போய் நிற்க ஆரம்பித்தார். அங்கே காவலுக்கு இருப்பவர் பீகார்க்காரர். இவரை அவருக்குத் தெரியாது, அவர் பேசுவது இவருக்குப் புரியாது. "அந்தப் புள்ளதாம்மா கையப் புடிச்சி இட்டாந்து உட்டுச்சி. இன்னா சொல்றது, ஊட்டுக்கு வந்தவரு என்னியப் பாத்து, நீ யாரு ஊட்டுப் பொம்பளைன்னு கேக்கறாரு" என்று அம்மா போனில் சொன்னபோது, நான் மையத்துக்கு வரும் மேடம் டான் என்ற அம்மையாருக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். அன்று முழுக்க எனக்கு வேலையில் மனமே இல்லை. அடுத்த விடுமுறைக்குப் போவதற்குள் நைனா என்னை மறந்துவிடுவார் என்ற பயம் அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டது. அவர் சாவைக்கூட ஒருமாதிரி நினைத்துப் பார்க்க முடிந்தது. இதை முடியவில்லை.

ஊரான் வீட்டு அப்பாக்களுக்கெல்லாம் செய்வதை என் அப்பாவுக்குச் செய்தால் என்ன என்று தோன்றியது. எனக்குக் காலை எட்டரை என்றால் அங்கே ஆறு. வேலைக்குக் கிளம்பும் முன் வீடியோவில் கூப்பிட்டேன். அம்மா போனை டிவிமேல் சாய்த்துவைத்து, நான் கையைத் தூக்கியதும் அவருக்குத் துணையாகத் தானும் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள். நைனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "இன்னா வேலை பண்றீங்கோ? ரெண்டு பேரு சிக்னல் குடுத்தா மேல கீறவன் யாரைப் பாப்பான்? கீழ நிக்கறவன் தலையில எறங்கிடும்" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டார். நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுதாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு நாள் இதே ரகளை.

ஐந்தாம் நாள் மையத்தில் பயிற்சியாளரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நைனா பிதற்றவில்லை. ஒரு பாரத்துக்கு ஓர் ஆள்தான் சிக்னல் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலின் முதல் பாடம். அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் அம்மாவை ஓரமாக உட்காரச் சொன்னேன். நான் ஒருத்தி மட்டும் கையைத் தூக்கினேன். நைனா என் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் கைகளும் மேலே வந்தன. நான் இறக்க, அவரும் இறக்கினார். "கை நடுங்குது செல்வி. மெதுவா எறக்கு. அவசரப்பட்டா சங்கிலி ஆடும்" என்றார். என் பெயரைச் சொன்னார். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வேலைக்கு ஓடினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. முதல் நாள் சாப்பிட்டது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஆறு மணிக்கு டிவி முன்னால் முகம் கழுவி வந்து நிற்பார். தாய்ச்சியின் எட்டு அசைவுகளும் வரிசை பிசகாமல் வந்தன. கேட்டுக்குப் போவதும் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. மையத்தில் எல்லாரிடமும் பெருமை பீற்றினேன். மேடம் டான் மட்டும், "யூ ஹியர். ஃபாதர், ஹூ லுக்?" என்று கேட்டார். அம்மா பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அம்மாவுக்கு என்ன வயது என்றார், சொன்னேன். "மதர் ஆல்ஸோ ஓல்ட்" என்று சொல்லி என் கன்னத்தைத் தட்டினார். குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு நாலு நாள் அவரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை. அவருடைய பிள்ளைகள் எல்லாரும் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதம் இரண்டு வார விடுமுறையில் ஊருக்குப் போனேன். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, ஊரோடு வந்துவிடுவதா என்று நைனாவைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக எண்ணம். மையத்தில் முறையாகக் கற்றுக்கொண்டதை எல்லாம் நேரிலேயே செய்யவைக்கலாம், கையைப் பிடித்துத் திருத்தலாம் என்று பிளேனில் வழிநெடுகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் நைனா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். "வாம்மா. யாரைப் பாக்கணும்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பயணக் களைப்பில் ஆளே மாறிப்போயிருக்கிறேன், அதனால்தான் என்று அம்மா சமாதானம் சொன்னாள். நானும் நம்பினேன். மறுநாள் ஆறு மணிக்கு டிவி முன்னால் அவருக்கு எதிரே போய் நின்று கைகளைத் தூக்கினேன். அவர் கை அசையவே இல்லை. என்னைத் தாண்டி டிவிமேல் பார்த்துக்கொண்டிருந்தார். "நைனா, நான்தான் செல்வி" என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்மேல் இரக்கப்பட்ட மாதிரி இருந்தது. "செத்த தள்ளி நில்லும்மா. செல்வி சிங்கப்பூர்ல கீது. இப்ப போன்ல வரும். அது குடுக்கற சிக்னலுக்குத்தான் நான் செய்யணும். நடுவுல நீ குடுக்கக் கூடாது" என்றார். ஓர் ஆள்தான் என்ற அந்தப் பாடத்தை அவருக்குத் திரும்ப உறுதிப்படுத்திக் கொடுத்தவளே நான்தான். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மணி ஆறு பத்தாகியும் போன் வராததால் நைனாவின் விரல்கள் வேட்டியைத் திருக ஆரம்பித்தன. டிபன் டப்பா எங்கே என்று கேட்டார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்னால் எதுவும் தெரியக்கூடாது என்று வெறும் சுவராகப் பார்த்து நின்றேன். அம்மா போனுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்து டிவிமேல் வைத்தாள். நைனாவின் முகம் மலர்ந்தது.

"இன்னா செல்வி, லேட்டு? நான் பேஜாராயிட்டேன்."

அவர் குரல் முதலில் சுவர் வழியாகவும் ஒரு நொடி கழித்துப் போன் வழியாகவும் வந்தது. கைகளைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். எட்டு அசைவுகளையும் செய்து முடித்தோம். மூச்சு வாங்க நின்றவர், போனுக்குப் பக்கத்தில் குனிந்து தாழ்ந்த குரலில், "ஊட்டுக்கு ஒரு பொண்ணு வந்துகீது. யாருன்னு தெரியல. பாவம், அழுவுது. உனுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டார்.

தெரிந்த பெண்தான் என்றேன்.

"அப்ப இங்கியே ரெண்டு நாள் இருக்கட்டும்" என்றார்.