நைனாவுக்கு ஒரு பாட்டில்

இந்த ஊரில் கடைக்குப் போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கினாலும் உனக்கு என்ன வயது என்று கேட்கிறார்கள். வந்த புதிதில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. வெங்காயம் நறுக்க ஒரு கத்தி, பிய்ந்துபோன செருப்பை ஒட்டப் பசை, தலைவலி மாத்திரை என்று எதை எடுத்துப்போய் வைத்தாலும் நாமே பில் போட்டுக்கொள்ளும் மிஷின் கூவும், சிவப்பு விளக்கு எரியும், யாராவது வந்து என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். இருபத்தைந்துக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேட்பது இங்கே கடைகளின் வழக்கம். எனக்கு முப்பத்தைந்து நெருங்குகிறது. ஊரில் ஒன்பது வயதில் மகள் இருக்கிறாள். ஐந்தடி கூட இல்லாத ஒல்லியான கறுத்த பெண்ணின் வயதைக் கணிக்க இவர்களுக்குத் தெரியாது போல. "இளமையாகத் தெரிகிறாய், சந்தோஷப்படு" என்றாள் கூட வேலை செய்யும் ஒருத்தி. நானும் கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். பிறகுதான் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். காலேஜில் கூடச் சேர்ந்திருக்க மாட்டாள் என்று தோன்றும் வெள்ளைக்காரப் பெண் ஒயின் பாட்டிலோடு சிரித்துக்கொண்டே போவாள், ஒரு கேள்வி கிடையாது. நான் உள்ளே நுழைந்தால் மட்டும் காவல்காரர் அலமாரி அலமாரியாக என் பின்னாலேயே வருவார்.

கடையில் கேள்வி கேட்பது எனக்குப் புதிதில்லை. நான் மதுராந்தகம் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் பிறந்தவள், கட்டிக்கொடுத்தது கோவளத்தில், இப்போது இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன நகரத்தில், முதியோர் இல்லத்தில் வேலை. சின்ன வயதில் அம்மா போய்விட்டாள், வளர்த்தது அப்பாதான். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். ஏழெட்டு வயதில் அவருக்குப் பீடிக்கட்டு வாங்க ஊர்த்தெரு முனையிலிருந்த கடைக்கு ஓடுவேன். சின்னப் பெண் கையில் பீடி தரலாமா என்று அங்கே யாரும் யோசித்ததில்லை. "நைனாவுக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைக்காரர் கேட்டது வேறு. "எந்தப் பக்கம் நீ? ஊரா, காலனியா?" தினமும் பார்க்கிற முகம்தான், இருந்தாலும் கேட்பார். காலனி என்றதும் பீடிக்கட்டு என் கைக்கு வராது, கடைக்கு வெளியே போட்டிருந்த பலகையில் வந்து விழும். மீதிச் சில்லறையும் அதே பலகையில். "அங்க வெச்சிகீறேன் பாரு, எட்த்துகினு போ" என்பார். இங்கே எல்லாம் கையில்தான் தருகிறார்கள், நாம் 'கண்ணு' என்கிற மாதிரி 'லவ்' என்று கூப்பிடுகிறார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சந்தேகப்படுகிறார்கள். எது தேவலை என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்பா கடைசியில் சில வருடம் பொத்தேரியில் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேனாக இருந்தார். அங்கே தங்கியிருந்த ஆப்பிரிக்கப் பையன் ஒருவனைப் பற்றி அடிக்கடி சொல்வார். அவன் பெட்டிக்கடையில் சிகரெட் கேட்டால், நிற்கிறவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்களாம். அவன் நீட்டுகிற நோட்டை மட்டும் கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். "பாவம் பாப்பா, அவனும் நம்பள மாரிதான்" என்பார். நான் இங்கே வந்தபிறகு அவருக்கு ஒரே ஆசை. ஒரு தடவை வீடியோ காலில் நான் வழக்கமாகப் போகும் கடையைச் சுற்றிக் காட்டினேன். பிராந்தி அலமாரி வந்ததும், "நில்லு நில்லு" என்றார். "அந்தக் குண்டு பாட்டிலு கீதே, அது. வர்ற சொல்ல ஒண்ணு எட்த்தாந்துடு பாப்பா." அதற்குப் பிறகு ஒவ்வொரு போனிலும் குண்டு பாட்டிலைப் பற்றி விசாரிக்காமல் வைக்கமாட்டார். நான்தான் லீவு கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

அவர் செத்துப்போனதற்கு எனக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தைப் போனில் பார்த்தேன். கருமாதிக்காவது போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி, டிக்கெட் போட்டேன். சனிக்கிழமை மத்தியானம் விமானம், ஞாயிற்றுக்கிழமை மதுராந்தகத்தில் படையல். வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து நேராக அந்தக் கடைக்குப் போனேன். விமான நிலையத்தில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். அப்பா கைகாட்டியது இந்த அலமாரியில் இருந்த பாட்டிலை. அவர் படத்துக்கு முன்னால் இதைத்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு.

பிராந்தி பாட்டிலோடு வரிசையில் நின்றதும் நம் ஊர்ப் புத்தி வந்துவிட்டது. பொம்பளை கையில் சாராயம், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கல்லாவில் இருந்த பெண் பாட்டிலைத் தூக்குவதற்குள் நானாகவே முந்திக்கொண்டு, "இது எனக்கில்லை, எங்கள் அப்பாவுக்கு" என்றேன். கேட்டாளா அவள்? இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அதுவும் இல்லை. அவள் பாட்டிலைத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அப்பா கூட வந்திருக்கிறாரா?"

"இல்லை. இறந்துவிட்டார்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இன்னொருவருக்கு வாங்குகிறேன் என்று சின்னப் பெண்ணாகத் தெரிகிற ஒருத்தி சொன்னால், இங்கே அது குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஐடி கேட்டாள். மறுநாள் பயணத்துக்காகப் பாஸ்போர்ட் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பிரித்து எனக்குத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, "பிறந்த தேதி?" என்றாள்.

"டிசம்பர் மூன்று" என்றேன்.

பாஸ்போர்ட்டில் இருந்தது ஜூன் இரண்டு.

இதைப் படிக்கிற நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. என் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். நான் பிறந்தது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வருடம். அப்பா அப்படித்தான் சொல்வார். அவரும் எழுதி வைக்கவில்லை, வேறு யாரும் எழுதவில்லை. நர்ஸிங் உதவியாளர் படிப்புக்குச் செங்கல்பட்டில் தங்கியிருந்தபோது ஒரு தோழி பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்து அதை டிசம்பர் மூன்று என்று கண்டுபிடித்துக் கொடுத்தாள். பள்ளியில் சேர்க்கப் போன அன்று எனக்கு ஐந்து முடிந்திருக்கவில்லை. தலைமையாசிரியர், "கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடும்மா" என்றார். எங்கள் ஊரில் வயதுக்கு அதுதான் சோதனை. எனக்கு எட்டவில்லை. அப்பா பின்னால் நின்று என் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டார். விரல் நுனி காதில் பட்டது. "தொட்டுட்டா சார், தொட்டுட்டா!" என்று கத்தினார். தலைமையாசிரியர் சிரித்துக்கொண்டே ஜூன் இரண்டு என்று எழுதினார். அந்த ஒரு அழுத்தில்தான் நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கடல் தாண்டினேன்.

தேதி பொருந்தவில்லை என்று என்னைக் கூட்டிப்போன கடை மேலாளரின் அறையில் இதைச் சொல்ல முயன்றேன். அவர் இளவயதுக்காரர், ரொம்ப மரியாதையாகப் பேசினார். "அப்படியானால் பாஸ்போர்ட்டில் இருக்கும் தேதி?" என்று கேட்டார். "அது என்னுடைய உண்மையான பிறந்தநாள் இல்லை" என்றேன். இதைவிட மோசமாக ஒரு வாக்கியத்தை அந்த அறையில் யாராலும் சொல்லியிருக்க முடியாது. பதற்றத்தில் எழுந்து நின்று, தலைக்கு மேலாகக் கையைப் போட்டுக் காதைத் தொட்டுக் காட்டினேன். "இப்படித்தான், எங்கள் ஊரில் இப்படித்தான்" என்றேன். மேலாளர் வாசலில் நின்ற காவல்காரரைப் பார்த்தார். காவல்காரர் தரையைப் பார்த்தார்.

"உங்கள் உண்மையான தேதியை உறுதிப்படுத்தக்கூடியவர் யாராவது இருக்கிறார்களா?" என்று மேலாளர் மெதுவாகக் கேட்டார்.

"எங்கள் அப்பா" என்றேன், யோசிக்காமலே.

"அவரோடு பேச முடியுமா?"

அடக்கத்தைப் போனில் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அந்த அறையில், முன்பின் தெரியாத இரண்டு ஆண்களுக்கு முன்னால், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். மேலாளர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார். போலி என்று சந்தேகம் வந்தால் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை பாஸ்போர்ட் கடையின் பெட்டகத்தில் இருக்கும் என்றார். நாளைக்கு விமானம், என் அப்பாவின் காரியம் என்றேன். "ரொம்பவும் வருந்துகிறேன்" என்றார். உண்மையிலேயே வருந்தினார் என்றுதான் நினைக்கிறேன். அதனால் எனக்கு என்ன ஆயிற்று?

வெளியே வந்து கோவளத்துக்குப் போன் போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்ததும், "இன்னாடி, பொட்டி கட்டிட்டியா? பாப்பா தூங்காம குந்திகினு கீறா" என்றார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"அய்ய! உன்னிய யாரு அந்தத் தேதிய சொல்லச் சொன்னது? எல்லா ஆபீஸ்லயும் ஜூன் ரெண்டுன்னு தான சொல்லுவ?"

"தெரில மாமா. நைனா நெனப்பாவே இருந்துச்சு. வாயில அதான் வந்துச்சு."

"பேஜாரா பூட்ச்சே செல்வி" என்றார். "சரி, அழுவாத. காலைல போயி அவன் கால்ல வுழுந்தாவது வாங்கிகினு வந்துடு."

காலையில் பெட்டியை உருட்டிக்கொண்டு கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். யார் காலில் விழுவது? வேறொரு பெண் வந்தாள், பெட்டகத்தின் சாவி மேலாளரிடம், அவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றாள். போலீஸுக்குப் போன் செய்தேன். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள், என் புகாருக்கு ஒரு எண் கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். சாமான் போடும் தள்ளுவண்டிகள் கோத்து வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், அழுகிற பெண்ணைப் பார்க்கக் கூடாது என்ற நாகரிகத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நம் ஊராக இருந்தால் அதற்குள் நாலு பேர் சூழ்ந்து இன்னா ஏது என்று கேட்டு, நாலு விதமாக யோசனை சொல்லியிருப்பார்கள். ஒரு யோசனையும் உதவியிருக்காது, ஆனாலும் கேட்டிருப்பார்கள். விமானம் கிளம்பும் நேரம் வந்ததும் எழுந்து அறைக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை படையலைப் போனில் பார்த்தேன். அப்பா படத்துக்கு முன்னால் இலை, சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை, பீடிக்கட்டு. என் வீட்டுக்காரர் டாஸ்மாக் குவார்ட்டர் ஒன்றைத் திறந்து வைத்தார். "அவரு குடிக்கிற அதே சரக்குதான். வுடு செல்வி" என்றார். பிறகு வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை வெளியே நின்று, கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். மகள் போனைப் பிடித்திருந்தாள். எனக்குச் சாத்திய கதவின் பச்சை வண்ணம் மட்டும் தெரிந்தது.

திங்கட்கிழமை கூப்பிட்டார்கள். பாஸ்போர்ட் உண்மையானதுதான் என்று போலீஸ் சொல்லிவிட்டதாம். மேலாளர் மன்னிப்புக் கேட்டு ஒரு சாக்லேட் டப்பாவைக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் இல்லத்துக் கிழவிகளுக்குக் கொடுத்துவிட்டேன். காரியம் முடிந்துபோனது, இனிமேல் லீவும் கிடையாது. அன்றைக்கே அந்த அலமாரிக்குப் போய்க் குண்டு பாட்டிலை எடுத்துக்கொண்டு அதே பெண்ணிடம் போனேன். அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"பிறந்த தேதி?"

"ஜூன் இரண்டு."

"உங்களுக்கா?"

"ஆமாம். எனக்குத்தான்."

பாட்டிலைப் பையில் போட்டு என் கையில் கொடுத்தாள். உண்மையைச் சொன்ன அன்று திருடியாக நின்றேன், இரண்டு பொய்யைச் சொன்னதும் வாடிக்கையாளர் ஆகிவிட்டேன். இந்த நாட்டுக்கு ஜூனில் பிறந்த பெண்தான் தேவை. தீபத்துக்கு மறுநாள் பிறந்தவளைப் பார்த்த ஆள் மதுராந்தகத்திலும் இப்போது இல்லை.

என் அறையில் நெருப்பு பற்றவைத்தால் கூரையில் அலாரம் அலறும். அதனால் விளக்குக்குப் பதில் போனின் டார்ச்சை எரியவிட்டேன். தட்டில் சோறு, முட்டை, பற்றவைக்காத ஒரு சிகரெட், எவர்சில்வர் டம்ளரில் பிராந்தி. கதவைச் சாத்திவிட்டு வெளியே வராந்தாவில் வந்து நின்றேன். அடுத்த அறையில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா படியேறி வந்தவர், "சாவி உள்ளே மாட்டிக்கொண்டதா, லவ்?" என்று கேட்டார்.

"இல்லை. எங்கள் அப்பா சாப்பிடுகிறார்."

"அப்படியா! அவர் வந்திருப்பது எனக்குத் தெரியாதே" என்று அவர் முகம் மலர்ந்தார். "ரொம்ப தூரத்திலிருந்து வந்திருப்பார். நன்றாகச் சாப்பிடட்டும்." இந்த நாட்டில் ஒரு கேள்வியும் கேட்காமல் என் அப்பாவை உள்ளே விட்டவர் அவர் ஒருவர்தான். அவர் போனபிறகு வராந்தாவில் தனியாக நின்றேன். அப்பாவிடம் பாஸ்போர்ட் இருந்ததில்லை. வழி தெரிந்து வந்திருப்பாரா? இல்லை, நேற்றே பச்சைக் கதவுக்குள் குவார்ட்டரைக் குடித்துவிட்டு அங்கேயே இருந்துவிட்டாரா? கையைத் தலைக்கு மேல் போட்டுப் பார்த்தேன். காது தாராளமாக எட்டியது, முழங்கையை அழுத்த ஆள் தேவைப்படவில்லை.

பிறகு என் அறைக் கதவை நானே தட்டினேன். தட்டிவிட்டு நின்றேன். "யார்ரா அது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்திருந்தால் போதும். தீபத்துக்கு மறுநாள் பொறந்தவ நைனா என்று சொல்லியிருப்பேன்.