மோப்பக்காரரும் காட்டுப்பன்றிக் கத்தியும்

பழைய மடக்குக் கத்தி ஒன்று யார் கைக்காவது வந்தால், நேரே மோப்பக்காரர் வீட்டுக்குத்தான் எடுத்துப் போவார்கள். இரும்புச் சாமான் கடையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். கத்தியின் பிடி அசல் கொம்பா, பிளாஸ்டிக்கா என்று சொல்ல அவரிடம் ஒரு வித்தை இருந்தது. ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிப் பிடியின் ஓரத்தில் குத்துவார். கண்ணை மூடிக்கொண்டு புகையை மெல்ல உள்ளிழுப்பார். முடி கருகும் வாடை வந்தால் கொம்பு. பாலித்தீன் பை எரிகிற வாடை வந்தால் பிளாஸ்டிக். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அவருக்கு அதில் வருத்தமில்லை. யாராவது மறந்துபோய்ச் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருத்தம்.

ஒரே ஒரு சிக்கல். மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் அவர் மூக்கின் வேலையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டது. சாக்கடையும் சந்தனமும் இப்போது அவருக்கு ஒன்றுதான். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கட்டின மனைவியிடம்கூட. மோப்பம் போன மோப்பக்காரரை யார் தேடி வருவார்கள்? ஆகவே ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார். புகை எழும்போது ஒரு கண்ணை லேசாகத் திறந்து சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். முகம் சுளித்தால் பிளாஸ்டிக். சுளிக்காவிட்டால் கொம்பு. மூன்று வருஷமாக மற்றவர்கள் மூக்கை ஓசியில் வைத்துப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு வந்தவர் அவருடைய சம்பந்தி. கூடவே சம்பந்தியம்மாவும், அந்த வீட்டு மருமகளான மோப்பக்காரரின் மகளும். மகள் வந்ததும் வராததுமாக மாடிக்குப் போய்விட்டாள்.

"எங்க தாத்தாவோட வேட்டைக் கத்தி, சம்பந்தி. நூறு வருஷம் இருக்கும். இதாலதான் காட்டுப்பன்றியைக் குத்தினாரு. மான் கொம்புப் பிடி. எங்க மச்சான் ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான். உங்க வாயால ஒரு வார்த்தை வந்தா அவன் வாயை அடைச்சிடலாம்."

"பார்த்துடலாம்" என்றார் மோப்பக்காரர், கத்தியைப் பார்க்காமலே. பார்க்கிற பழக்கம் விட்டுப்போய் நாளாகியிருந்தது. கூட்டம் ரசித்தது ஊசியைத்தான்.

ஊசி சிவந்தது. பிடியில் இறங்கியது. புகை சுருண்டு எழுந்தது. மோப்பக்காரர் தலையைப் பின்னால் சாய்த்து, சங்கீதம் கேட்பவர் மாதிரி புகையை இழுத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு கண்ணைத் திறந்தார்.

சம்பந்தி முகம் மலர்ந்திருந்தது. சம்பந்தியம்மா முகம் அமைதியாக இருந்தது. காபித் தட்டோடு நின்ற மனைவியின் முகத்தில், சம்பந்திகள் வந்தால் மாட்டிக்கொள்ளும் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. ஒருவர் மூக்கும் அசையவில்லை.

பாவம், ஒன்றை அவர் மறந்துவிட்டார். சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு யார் முகம் சுளிப்பார்கள்? சம்பந்தி முன்னால் எந்த வீட்டுக்காரி மூக்கைப் பொத்துவாள்? வீடே எரிந்தாலும் மரியாதை எரியக்கூடாதே.

"முடி வாடை!" என்று தொடையைத் தட்டினார் மோப்பக்காரர். "அசல் மான் கொம்பு, சம்பந்தி!"

"நான் சொல்லலே?" என்று சம்பந்தி எழுந்தே விட்டார்.

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். "அம்மா! யாரும்மா வீட்டுக்குள்ள பிளாஸ்டிக்கைக் கொளுத்தறது? மேல வரைக்கும் நாறுது!" மூக்கில் துப்பட்டாவை வைத்தபடி மகள் வந்து நின்றாள்.

மோப்பக்காரருக்குக் காது சூடாகியது. பேரா, பெண்ணா என்று வந்தபோது, மனுஷன் பேரைப் பிடித்துக்கொண்டார்.

"அவளுக்குச் சின்ன வயசிலேர்ந்தே மூக்குல ஏதோ கோளாறு, சம்பந்தி. கண்டுக்காதீங்க."

தட்டு மேஜைமேல் ணங்கென்று இறங்கியது. மனைவியின் சிரிப்பைக் காணோம்.

"கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு, அவ மாமியார் எதிர்லயே கோளாறுங்கறீங்களா? அவ மூக்கு நல்லாத்தான் இருக்கு. உங்க மூக்குதான் மூணு வருஷமா லீவுல இருக்கு. பக்கத்துல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டே பாலைத் தீய விட்டீங்களே, அன்னிக்கே தெரியும் எனக்கு."

மகள் அப்பாவையே பார்த்தாள். "நிஜமாப்பா?"

அவர் கத்தியைக் கையில் எடுத்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் எடுத்தார். எடுத்ததும் பழைய கடைக்காரக் கண் தானாக விழித்துக்கொண்டது. பிடியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"ரெண்டு பக்கமும் ஒரே வரி, ஒரே புள்ளி. அச்சுல வார்த்தது" என்றார் தணிந்த குரலில். "கொம்புல ஒரு பக்கம் மாதிரி மறுபக்கம் இருக்காது. பழைய இரும்பா இருந்தா இந்நேரம் கறுத்திருக்கும். இதுல முகம் பார்க்கலாம். தட்டி அடிச்ச ஆணியும் இல்ல, எல்லாம் பிளஸ் ஸ்க்ரூ. மிஞ்சிப் போனா முப்பது வயசு, சம்பந்தி. நம்ம மாப்பிள்ளை வயசு."

"கரெக்ட்" என்றாள் சம்பந்தியம்மா. "அவன் வயித்துல இருக்கறப்போ பஸ் ஸ்டாண்டு கடையில பழம் நறுக்க வாங்கினது."

சம்பந்தி திடுக்கிட்டுத் திரும்பினார். "இத்தனை நாள் ஏன் சொல்லலே?"

"இவ்வளவு நாளா என்னை யாரு கேட்டாங்க?"

சம்பந்தி கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காபி ஆறிப்போனது.

அதற்குப் பிறகு மோப்பக்காரர் வீட்டுக்குக் கத்தி எடுத்து வருபவர்கள் குறைந்துபோனார்கள். வருகிறவர்களும் ஊசி இல்லை என்று தெரிந்ததும் ஏமாந்த மாதிரி உட்காருகிறார்கள். கண்ணால் பார்த்துச் சொல்வதில் என்ன வேடிக்கை இருக்கிறது? அடுப்பில் பால் இருந்தால் மட்டும் இப்போதெல்லாம் அவர் வாய்விட்டே கேட்கிறார்: "ஏதாவது தீயுதா, பாரு."

மகள் மூன்று வாரம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே போன் செய்தாள். சம்பந்தி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் அந்தக் கத்தி இன்னும் வேட்டைக் கத்தியாகத்தான் இருக்கிறதாம். வருகிறவர்களிடம் சம்பந்தி, பிடியில் ஊசி குத்திய ஓட்டையைத் தொட்டுக் காட்டுகிறாராம்.

"என்னன்னு சொல்லி?" என்றார் மோப்பக்காரர்.

"பன்றி கடிச்ச இடமாம்ப்பா."