அம்மா பச்சைச் சீட்டு கட்டிய டிவி கேம்

மவுஸ், ஹெட்ஃபோன், கேம்பேட் என்று எதை வாங்கினாலும் பத்து நாள் புழங்கிப் பார்த்துவிட்டு இணையத்தில் நாலு வரி எழுதிப் போடுவது என் பழக்கம். யாரும் கேட்டு எழுதுவதில்லை, எழுதினால் யாரும் எதுவும் தரப்போவதுமில்லை. போன மாதம் ஒருவர், ஒரு பட்டனைப் பற்றி இவ்வளவு எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று கீழே கேட்டிருந்தார். எங்கள் வீட்டில் வளர்ந்திருந்தால் அவருக்கும் வந்திருக்கும்.

அம்மா பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஸ்விட்ச் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். நாங்கள் குடியிருந்த ஜீவனஹள்ளியிலிருந்து விடியும் முன் கிளம்பி இரண்டு பஸ் மாறிப் போவாள். தன் மேசைக்கு வரும் ஒவ்வொரு ஸ்விட்சையும் பத்து தரம் போட்டு அணைத்து, அதன் சத்தத்தைக் காதால் கேட்டு, சரியாக இருந்தால் அடிப்பக்கத்தில் பெயிண்டால் ஒரு புள்ளி வைப்பது அவள் வேலை. புள்ளி விழுந்த ஸ்விட்ச் பெட்டிக்குள் போகும், விழாதது திரும்பிப் போகும். ஒரே ஸ்விட்சை இரண்டு தரம் பார்த்து நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதற்கும் அந்தப் புள்ளிதான் அடையாளம்.

வேலையை ஃபேக்டரியோடு விட்டுவிட்டு வரும் ஆள் இல்லை அவள். வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் மூன்று நாள் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னச் சீட்டுகளாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டி, நூல் கோத்து வைத்திருப்பாள். பச்சை என்றால் பாஸ். மஞ்சள் என்றால் ரிப்பேர் செய்து கொண்டு வா. சிவப்பு என்றால் கடைக்காரர் முகத்தில் விழித்துத்தான் ஆகவேண்டும். முடிவை நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதியும் வைப்பாள். ஃப்ளாஸ்க்கைப் பற்றி, "நாலு மணிக்கே காபி ஆறிவிட்டது, மூடி மட்டும் நல்ல மூடி" என்று எழுதியிருந்தாள். அலாரம் கடிகாரத்தைப் பற்றி, "சரியாக அடிக்கிறது, அவர்தான் எழுந்திருக்கவில்லை, கடிகாரத்தின் மேல் தப்பில்லை" என்று எழுதிப் பச்சைச் சீட்டு கட்டினாள். அன்றைக்கு மஞ்சள் சீட்டை அப்பாவுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லி முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டான்.

தெருவில் இது பரவிவிட்டது. பக்கத்து வீட்டுக் கன்னட அத்தை புது மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸ்வல்ப நோடி அக்கா", கொஞ்சம் பாருங்கள் என்று திண்டாடும் முகத்தோடு நிற்பார். முனைக்கடை டெய்லர் பாய் தன் டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தீர்ப்பு வரும்வரை வாசலிலேயே பீடி பிடிப்பார். அம்மா யார் மனசையும் பார்த்துச் சீட்டு கட்டியதில்லை. பாய் எத்தனையோ தரம் எங்களுக்குப் பாவாடை சட்டை தைத்துக் கொடுத்தவர்தான், ஆனாலும் டிரான்சிஸ்டருக்குச் சிவப்புதான் விழுந்தது.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மாமா ஒரு தீபாவளிக்கு டிவி கேமோடு வந்து நின்றார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். எலெக்ட்ரானிக் சாமான் கடை ஒன்றில் வேலை. அவர் வாயில் எல்லாமே ஃபர்ஸ்ட் கிளாஸ், தன் கடையில் விற்காத பொருள்கூட ஃபர்ஸ்ட் கிளாஸ். தீபாவளிக்குக் கடையிலிருந்து ஒரு பொருளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று ஓனர் சொன்னதும், எமர்ஜென்சி லைட் கொண்டு வா என்று அம்மா பத்து நாள் முன்பே சொல்லி வைத்திருந்தாள். அந்த வருஷம் மழை பொய்த்து, சாயங்காலம் ஆனால் கரண்ட் போய்விடும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் சமைத்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

மாமா பெட்டியைப் பிரித்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு மெஷின், இரண்டு ஜாய்ஸ்டிக், மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அண்ணன் இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் ஒரே பாய்ச்சலில் எடுத்துக்கொண்டான். நான் பெட்டியின் மேல் இருந்த படத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். அம்மா மட்டும் பெட்டிக்குள் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

"லைட் எங்கடா?"

"பசங்க ஆசையா இருப்பாங்கன்னு எடுத்தாந்தேன்க்கா. மூணு நாள்ல மாத்திக்கலாம்னு ஓனர் சொல்லியிருக்காரு. நீ செக் பண்ணு. ரிஜெக்ட்னா லைட்டே எடுத்தாந்துடறேன்."

மாமா இதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னார். அண்ணன் மெஷினைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். எமர்ஜென்சி லைட் வேண்டும் என்று பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருப்பவள் கையில் டிவி கேமின் தலையெழுத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட ஸ்கூலுக்குப் போகவேண்டிய அவசியமில்லை. ஒரு சின்னக் குறை கிடைத்தால் போதும், கதை முடிந்தது.

குறை அன்றைக்கே கிடைத்துவிட்டது. கிடைத்தது எனக்கு. இரண்டு பேர் சேர்ந்து டாங்கி ஓட்டும் விளையாட்டைத்தான் முதலில் போட்டோம். அண்ணன் பெரியவன் என்பதால் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக் அவனுக்கு, இரண்டாம் நம்பர் எனக்கு. என் டாங்கி மேலே போனது, கீழே போனது, வலதுபக்கம் போனது. இடதுபக்கம் மட்டும் போகவில்லை. எவ்வளவு அழுத்தியும் போகவில்லை. போய்ப் போய்த் திரையின் வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு, வந்தவர் போனவர் எல்லாரிடமும் அடி வாங்கிச் செத்தது. அண்ணன் ஜாய்ஸ்டிக்கை வாங்கிப் பார்த்தான். அவனுக்கும் போகவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காதே என்று எனக்குக் கண்ணால் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் நாள், அம்மா பாயை விரித்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் நோட்டு, பேனா, புள்ளி வைக்க ஒரு நெயில் பாலிஷ் பாட்டில். அந்தப் பாட்டிலை அவள் நகத்தில் போட்டு நான் பார்த்ததேயில்லை. முதலில் கேசட். பத்தாயிரம் விளையாட்டு என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, மொத்தம் ஒன்பது விளையாட்டுதான், மீதியெல்லாம் அதே ஒன்பதுக்கு வேறு வேறு பேர் என்று அறிவித்தாள். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு, பேர் வைக்கவே ஒருத்தன் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான் பாருக்கா என்றார்.

அடுத்து ஜாய்ஸ்டிக். ஒன்றாம் நம்பரை எடுத்து மேலே பத்து, கீழே பத்து, இடது பத்து, வலது பத்து என்று அழுத்தி, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் டிக் போட்டாள். பிறகு அதைத் திருப்பி, பாஸ் என்று அடியில் ஒரு புள்ளி வைத்தாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் பால் பொங்கும் சத்தம். அம்மா எழுந்து ஓடினாள். அண்ணன் மெஷின் பக்கம் தாவினான். இரண்டு ஒயரையும் கழற்றினான், மாற்றிச் சொருகினான், கெட்டுப்போன ஜாய்ஸ்டிக்கை என் பாவாடைக்கு அடியில் தள்ளினான். நான் அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மாமா எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

அம்மா வந்து உட்கார்ந்து, "ரெண்டாவதைக் குடு" என்றாள். அண்ணன் அதே ஒன்றாம் நம்பரைக் கொடுத்தான். மேலே பத்து, கீழே பத்து, இடது பத்து, வலது பத்து. டாங்கி சொன்னபடியெல்லாம் போனது. எனக்கு உட்கார்ந்த இடம் குத்தியது, ஆனாலும் அசையவில்லை. அம்மா நெயில் பாலிஷைத் திறந்து, புள்ளி வைப்பதற்காக ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினாள்.

எங்கள் இருவருக்கும் அப்போதுதான் புள்ளி ஞாபகம் வந்தது. சற்று முன் வைத்த புள்ளி, இன்னும் காயக்கூட இல்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன். பிரஷ்ஷைத் தோய்த்து, முதல் புள்ளிக்குப் பக்கத்திலேயே இன்னொரு புள்ளி வைத்தாள். நோட்டில் நாலு டிக் போட்டாள். சீட்டுப் பெட்டியைத் திறந்து பச்சையை எடுத்து மெஷினின் ஒயரில் கட்டினாள்.

மாமா பேப்பரை இறக்கி, பாஸா என்று நம்பாமல் கேட்டார். பாஸ் என்றாள். அப்பா மெதுவாக, அப்போ எமர்ஜென்சி லைட் என்று இழுத்தார். "மெழுகுவத்திதான் இருக்கே, போதும்" என்று சொல்லிவிட்டுப் பால் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள். அவள் அந்தப் பக்கம் போனதும் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தான். அம்மா கவனிக்கவில்லை என்று முடிவு செய்தோம். வாரம் முழுக்க ஸ்விட்சையே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுப்போயிருக்கும், பாவம் என்று அண்ணன் சொன்னான். எனக்கும் அம்மாவை நினைத்து உண்மையாகவே பாவமாக இருந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீடு வீடாக இல்லை. கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் டாங்கிதான். என் டாங்கி வலது ஓரத்தில் காவல் நிற்கும், அண்ணன் மிச்ச ஊரைப் பார்த்துக்கொள்வான். கன்னட அத்தையின் மகன்கள் வந்தார்கள், டெய்லர் பாயின் பேரன் வந்தான். எல்லாருக்கும் முதலில் கற்றுக்கொடுத்தது இடதுபக்கம் போகாமல் பிழைப்பது எப்படி என்பதைத்தான். அவ்வளவு சிரித்த நாட்கள் எனக்கு அப்புறம் அமையவில்லை. மாமாவும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், தோற்றால் ஜாய்ஸ்டிக் பேஜார் என்பார். அப்பாகூட இரண்டு தரம் ஆடிப் பார்த்தார். அம்மா மட்டும் தொடவில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். கொஞ்சம் ஆடேன் என்று மாமா கூப்பிட்டால், எனக்கு வேற வேலை இல்லையா என்பாள். அம்மாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எங்களைப் பொறுத்தவரை அது விளையாட்டெல்லாம் முடிந்துபோன வயது.

கரண்ட் பற்றாக்குறை என்று பீன்யாவில் அப்போது சனிக்கிழமை லீவு விட்டிருந்தார்கள். எங்களுக்கு ஸ்கூல் அரை நாள். வழக்கமாக நானும் அண்ணனும் மைதானத்தில் ஆடிவிட்டு மெதுவாகத்தான் வீடு வருவோம். ஒரு சனிக்கிழமை எனக்குச் செருப்பு அறுந்துவிட்டது. அவனை மைதானத்தில் விட்டுவிட்டு ஒரு மணிக்கே தனியாக வந்தேன்.

வாசலிலேயே டாங்கிப் பாட்டு கேட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிப் பார்த்தேன். அம்மா பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒன்றாம் நம்பர் ஜாய்ஸ்டிக். குக்கர் இன்னும் அடுப்பில் ஏறவில்லை. திரையில் நான் பார்த்தேயிராத இடம் ஒன்று, நடுவில் ஆறு ஓடியது, எதிரிகள் நாலு பக்கமும் வந்தார்கள். அண்ணன் அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போனதில்லை. டாங்கி இடதுபக்கம் திரும்பினால் அம்மாவும் இடதுபக்கம் சாய்ந்தாள், வலதுபக்கம் போனால் வலதுபக்கம். நாக்கை லேசாகக் கடித்திருந்தாள். ஒரு டாங்கியைச் சுட்டு வீழ்த்தியதும், வீட்டில் யாருமே இல்லாதபோது, சத்தமாகச் சிரித்தாள்.

அப்புறம் என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையை உருவி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"டெஸ்ட் பண்ணிக்கினு இருந்தேன்" என்றாள்.

டெஸ்ட் என்ற வார்த்தைதான் என் காதில் விழுந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்த வழியே மைதானத்துக்கு ஓடினேன். அண்ணனை விக்கெட் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய், அம்மா இன்னும் டெஸ்ட்டை முடிக்கவில்லை, சந்தேகம் வந்துவிட்டது, எந்த நேரமும் ரிஜெக்ட் ஆகலாம் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவன் பேட்டை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். குறுக்கே போய்த் தொந்தரவு செய்தால் கோபத்தில் ரிஜெக்ட் செய்துவிடுவாள், அவளாகப் பார்த்துத் திருப்தி ஆகட்டும் என்று கடைசியில் சொன்னான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. அந்த வருஷம் ஸ்கூல் முடியும் வரைக்கும், பசித்தாலும் வெயில் கொளுத்தினாலும், சனிக்கிழமைகளில் மூன்று மணிக்கு முன்னால் நாங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை.