சிவப்பு மெழுகும் தேங்காய் எண்ணெயும்

மகளின் இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை இருப்பதாகச் சொன்னபோது அவள் கைக்குழந்தை. தானாக மூடிக்கொள்ளலாம், மூடாவிட்டால் அறுவை சிகிச்சை, சில மாதம் கழித்து எக்கோ ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். இணையத்தில் தேடாதே என்று கணவர் சொல்லியிருந்தார். நான் மதிய இடைவேளையில் அலுவலகப் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து தேடினேன்.

அப்படித்தான் அந்த டச்சுக்காரரிடம் போய்ச் சேர்ந்தேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த உடற்கூறு வல்லுநர். மருந்துக்கடை வைத்திருந்தவர், பிறகு நகரத்து மருத்துவச்சிகளுக்குப் பாடம் சொன்னவர். இறந்தவர்களின் ரத்தக் குழாய்களில் சிவப்பு மெழுகை உருக்கிச் செலுத்தி, அதுவரை யாரும் பார்த்திராத நுண்கிளைகளைக்கூடத் தெரிய வைத்தார். பிழைக்காத சிசுக்களைக் குடுவைகளில், கன்னச் சிவப்பு மாறாமல், தூங்குவதுபோல வைத்திருந்தார். அவற்றுக்கு லேஸ் தைத்து அழகு செய்ய அவர் மகள் உதவினாளாம். அதைப் படித்து, படத்தையும் பார்த்ததும் போனை அணைத்துவிட்டேன். குழந்தை வைத்திருப்பவள் பார்க்கிற படமா இது? மறுநாள் நானே திறந்தேன். எண்பதை நெருங்கும் வயதில் சேகரிப்பு முழுவதையும் ரஷ்ய மன்னருக்கு விற்றுவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அத்தனை உடல்களைத் திறந்து பார்த்தும் அவருக்கு வியப்பு தீரவில்லை.

எக்கோ நாள் காலையில் மாமியார் வீடியோ காலில் இருந்தார். "எண்ணெ வைக்காம குளிப்பாட்டாத கண்ணு, தோல் வறண்டு போயிடும்." கிளினிக் அனுப்பிய குறிப்பில் லோஷன் தடவ வேண்டாம் என்று இருந்தது. தேங்காய் எண்ணெய் லோஷன் இல்லையே என்று நினைத்துக்கொண்டு, நெஞ்சு முதுகெல்லாம் தேய்த்தேன்.

நாங்கள் குடியேறியிருக்கும் பிளானோ நகரத்துக் கிளினிக்கில், இதயத்துடிப்பைப் பதிவு செய்ய மகளின் நெஞ்சில் வைத்த ஸ்டிக்கர் எதுவும் ஒட்டவில்லை. ஒன்றை அழுத்தினால் இன்னொன்று வழுக்கியது. மகள் அழத் தொடங்கினாள். அழுகிற குழந்தைக்கு எக்கோ எடுப்பது கஷ்டம். இன்று விட்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போது கிடைக்குமோ.

"என்ன தடவின?" என்றார் கணவர்.

"தேங்கா எண்ணெ. லோஷன்தான் போடக்கூடாதுன்னாங்க."

"வடை சுடற அளவுக்கு ஊத்தியிருக்க."

"உங்கம்மா லைன்ல நின்னாங்க. நீங்களே கட் பண்ணியிருக்கலாமே."

அவர் பால் பாட்டிலை எடுத்தார். டெக்னீஷியன் பெண் சிரித்தபடி, இந்தியக் குழந்தைகள் பலர் இப்படித்தான் வருகிறார்கள் என்று சொல்லி நெஞ்சைத் துடைத்துவிட்டாள்.

பால் குடித்துக்கொண்டே மகள் அடங்கினாள். திரையில் சாம்பல் நிறத்தில் நான்கு அறைகள் துடித்தன. வால்வுகள் திறந்து மூடின. டெக்னீஷியன் ஒரு பட்டனைத் தட்டியதும் சிவப்பும் நீலமுமாக ரத்தம் பாய்ந்தது. உயிர் போனபிறகு மெழுகு ஊற்றித்தான் அந்த டச்சுக்காரரால் பார்க்க முடிந்ததை, ஓடும்போதே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பயப்படக்கூட மறந்துவிட்டேன்.

மருத்துவர் வந்து படங்களைப் பார்த்தார். ஓட்டை மூடவில்லை, ஆனால் நன்றாகச் சுருங்கியிருக்கிறது, அறுவை சிகிச்சை இப்போது தேவையில்லை என்றார்.

"அதை இன்னொரு தடவை காட்ட முடியுமா?" என்று கேட்டேன்.

"போதும், வா," என்றார் கணவர்.

மருத்துவர் திரையைத் திருப்பினார். இதயச் சுவரைத் தாண்டி நூலிழைபோல ஒரு நிறம் கசிந்தது. அவ்வளவுதான் அது. மகள் என் விரலைப் பிடித்திருந்தாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. அந்தச் சூடு இப்போதுதான் அந்த இதயத்திலிருந்து புறப்பட்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.