எலிக்கு வந்த ஹீட்டர்

நுவரெலியாவில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், மயங்கிக் கிடக்கும் எலியின் காலில் லேசாக மின்சாரம் வைத்து, அது நரம்பில் எத்தனை வேகமாகப் போகிறது என்று அளப்போம். தேயிலை மலையில் களைக்கு அடிக்கிற ஒரு மருந்து நரம்பைக் கெடுக்கிறதா என்பதுதான் கேள்வி. மருந்து கொடுத்த எலிகளுக்கு வேகம் குறைவு. எங்கள் டொக்டர் துள்ளிக் குதித்தார். மறுநாள் மருந்தே கொடுக்காத எலிகளை அளந்தோம். அதுகளும் அதே மந்தம்!

குளிர்தான் காரணம். உடம்பு குளிர்ந்தால் நரம்பும் மந்தமாகிவிடும்.

எங்களுக்கு ஒரு ஹீட்டர் வேண்டுமென்று இரண்டு வருஷமாகக் கொழும்புக்கு எழுதியும் பதிலே வரவில்லை. எலிக்கு என்று எழுதினோம், ஒரே வாரத்தில் வந்துவிட்டது. 'விலங்குகளின் பாவனைக்கு மட்டும்' என்று ஸ்டிக்கர் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்வெட்டருக்குள் நாங்கள் நடுங்க, எலி மல்லாந்து கிடந்து குளிர்காய்ந்தது. சூடாக்கி அளந்தபோது, மருந்து கொடுத்த எலிகள் மட்டும் மந்தமாகவே இருந்தன.

அந்த ஞாயிறு பொகவந்தலாவைக்கு, தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குப் போனேன். அந்த மருந்தைத்தான் அப்பா இருபது வருஷம் முதுகில் சுமந்து அடித்தார். தேத்தண்ணிக் கோப்பை அவர் கையிலிருந்து நழுவியது.

"கை மரத்துப் போவுதுடா."

"டிஸ்பென்சரிக்குப் போனீங்களா?"

"போனேன். குளிருதான்னு சொல்லி தைலம் குடுத்தாங்க."

சூடாக்கி அளந்து பார்த்தார்களா என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா எலி இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.